வெள்ளைக்கட்டி கேட்ட செசிலிக்கு

என் செசிலிக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் அதில் என் பங்கு பொய்யாகிவிடும். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயம்தான். பிளாக் ஆபீஸ் கிராம சேவிகா ராசிபுரத்தில் உன் வீடு தேடி வந்து இரண்டு படி சோயாப் பயறு கொடுத்துவிட்டுப் போனதாகவும், அதில் பாலெடுத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் கறிக்கும் முட்டைக்கும் ஈடான சத்து என்று சொன்னதாகவும், அதைக் கேட்டதும் சின்ன வயதில் நான் செய்து தந்த வெள்ளைக்கட்டி உனக்கு ஞாபகம் வந்ததாகவும் எழுதியிருக்கிறாய். "எப்படிச் செய்யறதுன்னு ஒரு கார்டுல எழுதிப் போடுங்கப்பா, போதும்" என்று முடித்திருக்கிறாய். ஒரு கார்டில் அடங்குகிற விஷயமாக இருந்தால் அன்றைக்கே எழுதிப் போட்டிருப்பேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அருளுக்கு ஒன்றேகால் வயது, பால் மறக்கடிக்கப் போகிறேன் என்று நீ எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அந்த வயதில்தான் எங்களுக்கு எல்லாம் நடந்தது.

உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் இருந்தான், அது உனக்குத் தெரியும். அவன் எப்படிப் போனான் என்று நாங்கள் உனக்குச் சொன்னதில்லை. அவன் பிறந்தபோது நான் பினாங்கில் ஒரு சீன வியாபாரி வீட்டில் சமையல் வேலையில் இருந்தேன். அப்போது சண்டை வந்துவிட்டது. கப்பல் நின்றது, தபால் நின்றது. சண்டை முடிந்து நான் சேலம் வந்து இறங்கியபோது உன் அம்மா மட்டும்தான் ஸ்டேஷனில் நின்றாள். "காலு வீங்குச்சுங்க. அப்புறம் முகம் வீங்குச்சு. நல்லா கொழுகொழுன்னு இருக்கான்னு நெனச்சிட்டேங்க" என்று அவள் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அவள் இன்றுவரை எதுவும் சொன்னதில்லை. நான் முகம் பார்க்காத பிள்ளை அவன். அவனுடைய கால்களை மட்டும் நான் எத்தனையோ தடவை மனதில் பார்த்திருக்கிறேன்.

பிறகு நீ பிறந்து நடக்கத் தொடங்கி, உன் தம்பி வயிற்றில் தங்கியதும் அம்மா உனக்குப் பால் மறக்கடித்து, நாலு மாதம் போவதற்குள் ஒரு காலையில் உன் பாதத்தை நான் கையில் எடுத்தபோது என் கட்டைவிரல் பதிந்த இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. நான் விரலை எடுத்தேன். குழி நிரம்பவில்லை. அம்மா பார்த்துவிடக் கூடாதென்று உன் பாவாடையை இழுத்துப் பாதத்தை மூடினேன். நான் செய்த முதல் தப்பு அதுதான். அவள் எனக்கு முன்பே பார்த்துவிட்டு, நான் பயந்துவிடுவேன் என்று மூடி வைத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரே குழந்தையின் காலை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உன் முடியைப் பிடித்துப் பார்த்தார். செம்பட்டை பாய்ந்து, இழுத்தால் கையோடு வந்தது. "வயிறு நெறைய கஞ்சி குடிக்குது. ஆனா சதை வளர்க்கிற சத்து அதுல இல்ல. பால் குடுங்க, முட்டை குடுங்க, கறிச்சாறு குடுங்க" என்றார். கொடுத்தோம். நம் தெருவுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை வைத்திருந்த நல்லம்மா புதுச்சத்திரம் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். தெருவுக்கே பால் ஊற்றியவள். உனக்கென்று தனியாக ஒரு செம்பு நிறுத்திவைத்துக் கொடுத்தாள். பால் உள்ளே போனால் ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, தண்ணீராகப் போகும். முட்டை தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும். கறிச்சாற்றின் வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாய். நீ சிரிப்பதை நிறுத்திவிட்டாய், செசிலி. அழுவதையும் நிறுத்திவிட்டாய். வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாய். அழாத குழந்தையைப் பார்த்து நான் பயந்த அளவுக்கு சண்டைக்காலத்தில் குண்டுச் சத்தத்துக்குக்கூடப் பயந்ததில்லை.

பினாங்கில் நான் வேலை செய்த வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சீனக் கிழவர் சோயாப் பயற்றை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்து, காய்ச்சி, உறையவைத்து, துணியில் கட்டிக் கல்லை ஏற்றி, வெள்ளை வெளேரென்று கட்டி போடுவார். தவ்ஹூ என்பார்கள். மாட்டுப்பாலே பார்க்காத குழந்தைகள் அங்கே அதைத் தின்றுதான் வளர்ந்தன. அந்தக் கட்டியைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு மாதா கோயில் சாமியார் பங்களாக் குசினியில் வேலை. ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில் மண்ணுக்கு உரமாக மடக்கி உழுவதற்கென்று சோயாப் பயறு போட்டிருப்பதாகப் பங்களாவுக்குக் காய்கறி கொண்டுவருபவர் சொன்னார். ஒரு பை கேட்டு வாங்கினேன். உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"பேரு தெரியாத பயத்தையெல்லாம் எம்புள்ளைக்குக் குடுக்காதீங்க. ஒண்ண மண்ணுல வெச்சிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

அதற்குமேல் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். டாக்டரம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, விடிகாலையில் பங்களாக் குசினியில் ஒருவருக்கும் தெரியாமல் பயற்றை அரைத்துப் பாலெடுத்துக் காய்ச்சினேன். எலுமிச்சம்பழச் சாறு விட்டு உறையவைத்துக் கட்டியாக வீட்டுக்குக் கொண்டுவந்து, "வெள்ளைக்காரச் சாமியாருங்க தின்னுற பால்கட்டி. மிஞ்சிச்சு" என்று சொன்னேன். நீ தின்றாய். வயிறு உப்பவில்லை. மறுநாளும் தின்றாய். மூன்றாம் வாரம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் கையைப் பார்த்து நீ நகர்ந்து வந்தாய். பாதத்தில் அழுத்தினேன், குழி மெதுவாக நிரம்பியது. உன் அம்மா அழுதுகொண்டே, "அந்தச் சாமியாருங்க நல்லா இருக்கணும்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். பொய் நன்றாக வேலை செய்யும்போது அதை நிறுத்துவதற்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கோயில் திருவிழா வந்தது. வெளியூர்ச் சாமியார்கள் வந்திருந்தார்கள். விடிவதற்குள் நாற்பது பேருக்குக் காப்பி, பலகாரம் என்று குசினி முழுக்க அடுப்பு எரிந்தது. ஒரு மூலையடுப்பில் உன் பயத்தம் பாலை வைத்தேன். வழக்கமாக அரை மணி நேரத்துக்கு மேல் கிளறிக்கொண்டே காய்ச்சுவேன். சீனக் கிழவர் அப்படிச் செய்ததைப் பார்த்ததால் செய்தேனே தவிர ஏன் என்று கேட்டு வைத்ததில்லை. அன்று பாத்திரத்தில் நுரை குபுகுபுவென்று பொங்கி விளிம்புக்கு வந்தது. பால் பொங்கினால் இறக்கிவிடுவதுதானே நமக்குப் பழக்கம். பொங்கிவிட்டது, ஆகிவிட்டது என்று இறக்கினேன். சோயாப் பால் அப்படி இல்லை, செசிலி. அடியில் இன்னும் பச்சையாக இருக்கும்போதே மேலே நுரை பொங்கும். உறையவைக்க நேரமில்லை. வெல்லம் போட்டு, வாயில் வைத்துப் பார்க்காமல், டம்ளரில் ஊற்றி வீட்டுக்கு ஓடி, அம்மா கொல்லையில் இருந்த நேரத்தில் உனக்குப் புகட்டிவிட்டுத் திரும்பி ஓடினேன். நீ ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

பூசை முடியும் நேரத்தில், ஆறு மாத வயிற்றோடு உன் அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு பங்களா வாசலுக்கு ஓடி வந்தாள். அவள் சேலை முழுக்க வாந்தி. உன் தலை தொங்கியது. "நிக்கவே மாட்டேங்குதுங்க, மேலயும் கீழயும் போவுது" என்றாள். ஒரு ஜட்காவைப் பிடித்து ஏறினோம். வண்டியில் அவள் தன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள், "நான்தாங்க கொன்னுட்டேன். பால்கட்டி ஒத்துக்குதே, மோரும் ஒத்துக்கும்னு நெனச்சு நல்லம்மா குடுத்த மோர அரை டம்ளர் குடுத்துட்டேன்." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஜட்கா செவ்வாய்ப்பேட்டையைத் தாண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை, நான் சொல்லியிருக்கக்கூடிய அத்தனை நேரமும், அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வர, நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதம் ஊரில் காலரா. டாக்டரம்மா உன் கண்ணைப் பார்த்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. "என்ன குடுத்தீங்க?" என்றார். "மோருங்க, பால்காரம்மா குடுத்த மோரு" என்றாள் அம்மா. அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து உன் வாயைத் துடைத்தேன். உண்மையைச் சொன்னால் அம்மா என்னை என்னவென்று நினைப்பாள், குசினி வேலை போய்விடுமா, போலீஸ் வருமா, நான் விஷம் வைத்தவன் ஆவேனா என்று ஏதேதோ ஓடியது. டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதினார். ஊருக்கு வெளியே காலராக்காரர்களை வைத்திருந்த தொற்றுநோய்க் கொட்டகைக்கு அது. வெளியே வண்டி நின்றது. அதில் ஏற்கனவே இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஒருவருக்கு அசைவே இல்லை. ஆயா உன்னை என் கையிலிருந்து வாங்கி அவர்கள் பக்கத்தில் கிடத்தக் குனிந்தாள்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. காலரா இல்லாத பிள்ளையைக் காலராவுக்குள் போடப் போகிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. உன்னைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

"டாக்டரம்மா, மோர் இல்லீங்க. நான் குடுத்தேன். சோயாப் பயத்துல எடுத்த பாலு. சரியா காயல."

"எப்ப குடுத்தீங்க?"

"காலையில ஏழு மணிக்குங்க."

"வாந்தி எப்ப?"

அம்மாதான் பதில் சொன்னாள். "எட்டுக்குள்ளங்க." சொல்லும்போது அவள் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி குடுத்திருக்கீங்களா?"

"மூணு வாரமா குடுக்கறேங்க. அப்பெல்லாம் நல்லா காய்ச்சுவேன். ஒண்ணும் ஆகல. வீக்கம் எறங்குச்சு."

அவர் அந்தச் சீட்டைக் கிழித்தார். "உள்ள வந்தவுடனே சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டார்.

"பயமுங்க" என்றேன்.

"எனக்கும்தான் பயம். எதுக்குன்னு தெரியாமயே மருந்து குடுக்கறேனே, எனக்கு எவ்வளவு பயமா இருக்கும்னு நெனச்சீங்க?" என்றார். உன்னைத் தம் மேசைக்கு எதிர்க் கட்டிலில் போட்டு, தொடையில் ஊசி குத்தி உப்புத்தண்ணீர் ஏற்றினார். கரண்டி கரண்டியாக வாயில் விடச் சொன்னார். நான் விட்டேன். நீ வாந்தியெடுத்தாய். மறுபடி விட்டேன். மத்தியானம் முழுக்க அப்படியே போனது. வெயில் தாழும் நேரத்தில் உனக்கு மூத்திரம் வந்தது. அது என் வேட்டியில் பட்ட சூடு இன்னும் எனக்குத் தெரியும். "பொழச்சுக்கும்" என்றார் டாக்டரம்மா. நான் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். அம்மா உன்னை வாங்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். டாக்டரம்மாவிடம் சொன்னேனே தவிர தெருவில் சொல்லவில்லை. நாம் ஜட்காவில் ஏறியவுடனேயே, நல்லம்மாவின் மோரால் வந்த காலரா என்று தெரு முடிவு கட்டிவிட்டது. சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து நல்லம்மாவின் பாலை எல்லாம் சாக்கடையில் கொட்டி, கொட்டகை முழுக்க பினாயில் தெளித்துவிட்டுப் போனார். ஒரு வீட்டிலும் அவளிடம் பால் வாங்கவில்லை. எதிரே வந்தால் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது அதையெல்லாம் பார்த்தேன். பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு துணியை எடுத்துப் போனேன். மறுநாளும் அப்படித்தான். அவளோ தினமும் நடந்து வந்து ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நிற்பாள். உள்ளே வந்தால் யாராவது ஏதாவது சொல்லுவார்கள் என்று அவளுக்குப் பயம்.

"ஏனுங்ண்ணா, சாமிக்கு இப்ப எப்படி இருக்குதுங்க?" என்பாள். குழந்தையைச் 'சாமி' என்பது அவள் ஊர்ப் பேச்சு.

"தேவலாம்" என்பேன்.

"எம்பட மோருதானுங்களா காரணம்? நானும் அதையேதான குடிச்சனுங்க" என்று மூன்றாம் நாள் கேட்டாள். கேட்கும்போது அவள் அழுதாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "தெரியல" என்றேன். செசிலி, என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே அந்த 'தெரியல'தான் மோசமானது.

நான்காம் நாள் உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். தெருமுனையில் ஜட்காவிலிருந்து இறங்கியதும் அம்மா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். நான் முனையிலேயே நின்றுவிட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் காதில் விழவில்லை. சிறிது நேரம் கழித்து நல்லம்மா வெளியே வந்து என் முன்னால் நின்றாள்.

"ஏனுங்ண்ணா, பயந்த மனுசன் பொய் சொல்றது எனக்குத் தெரியாததுங்களா? பேசாம இருந்துட்டீங்க, செரி. ஆனா நீங்க பயந்துக்கிட்டிருந்த நாலு நாளும் தவிட்டுக்கு வழியில்லாம எம்பட மாடு பட்டினி கெடந்துச்சுங்க" என்றாள்.

அன்று மாலை அவளுடைய பால் கேனை நான் தூக்கிக்கொண்டேன். தெருவில் பதினேழு வீடு. ஒவ்வொரு வாசலிலும் நின்று, அவளை வைத்துக்கொண்டே, "மோர்ல தப்பில்ல. நான் சரியா காய்ச்சாத பயத்தம் பால எம்புள்ளைக்குக் குடுத்தேன். சொல்லப் பயந்துட்டேன்" என்று சொன்னேன். முதல் வாசலில் பயமாக இருந்தது. பதினேழாவது வாசலிலும் அதே பயம்தான். சொல்லச் சொல்லக் குறையும் என்று நினைத்திருந்தேன், குறையவில்லை. மூன்று வீட்டில் அன்றைக்கே செம்பை நீட்டினார்கள். சிலர் ஒரு மாதம் கழித்து வாங்கினார்கள். ஒரு வீட்டில் அதற்குப் பிறகு வாங்கவே இல்லை. அது என்னால் போனது, எவ்வளவு நடந்தாலும் திரும்பி வராதது.

உன் தம்பி பிறப்பதற்கு முன் டாக்டரம்மா ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டு, "பயத்துல தப்பில்லம்மா, அத நல்லா காய்ச்சணும், அவ்வளவுதான். புள்ளைக்கு ஒத்துக்கிட்டதே அது ஒண்ணுதான்" என்றார். அதற்குப் பிறகு காய்ச்சும்போதெல்லாம் அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். நான் கிளறுவேன். நாங்கள் மறுபடி பேச ஆரம்பித்தது அந்த அடுப்பு முன்னால்தான். முதலில் "தீயத் தணிங்க" என்ற ஒரு வார்த்தை. நீ நடந்தாய், ஓடினாய். உன் முடி கறுத்தது. வெள்ளிக்கிழமை கறி தின்னாத நாளில் அம்மா அந்தக் கட்டியை உதிர்த்து, சின்ன வெங்காயம் போட்டு, மிளகு தட்டிப் பொரிப்பாள். உனக்கு ஞாபகம் இருப்பது அந்த வாசனையாகத்தான் இருக்கும். சிலநாள் கடலையெண்ணெயில் சிவக்க வறுத்து முருங்கைக் கீரையோடு சேர்ப்பாள்.

இப்போது நீ கேட்டதை எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் ஊகித்துப் படிக்காதே, திரும்ப எழுதிக் கேள். பயற்றை முதல் நாள் மாலையே ஊறப்போடு. காலையில் கையால் கசக்கித் தோலை மிதக்கவிட்டு நீக்கு. ஆட்டுக்கல்லில் தண்ணீர் விட்டு விட்டு மையாக அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் பிழி. பாத்திரம் பெரியதாக இருக்கட்டும், பாதிக்குமேல் ஊற்றாதே. சீக்கிரமே நுரை பொங்கும். நம்பாதே. தீயைக் குறைத்து, நுரையை அடக்கி, அது உண்மையாகக் கொதிக்கத் தொடங்கிய பிறகு அரை மணி நேரம் கிளறிக்கொண்டே இரு. யார் கூப்பிட்டாலும் போகாதே. பிறகு ஒரு கரண்டி எடுத்து ஆற்றி நீ குடித்துப் பார். பச்சைப் பயறு வாடை இருந்தால், தொண்டையில் கரகரத்தால், மறுபடி அடுப்பில் வை. நன்றாக ஆனதும் இறக்கி, எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் திரியும். துணியில் வடித்துக் கட்டி, மேலே கல்லை வை. உறையவைக்கப் பொடி என்று யார் எதைக் கொடுத்தாலும் சேர்க்காதே. முதல் நாள் நீயும் மாப்பிள்ளையும் மட்டும் சாப்பிட்டு மாலைவரை பாருங்கள். மறுநாள் அருளுக்கு ஒரு கரண்டி, அதற்குமேல் வேண்டாம். இதை நம்பித் தாய்ப்பாலை ஒரேயடியாக நிறுத்திவிடாதே. அவன் பாதத்தை அடிக்கடி அழுத்திப் பார். குழி விழுந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு.

ஏதாவது தப்பாகிவிட்டால், யாரும் கேட்பதற்கு முன்பே என்ன கொடுத்தாய் என்று சொல்லிவிடு. பயமாகத்தான் இருக்கும். பயம் போகட்டும் என்று காத்திருந்தால் அது போகாது, குழந்தைதான் போய்விடும்.

நானே ராசிபுரம் பஸ் ஏறி வந்து உன் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, "வேண்டாம். நீங்க நின்னா உங்க பயம் அவளுக்கும் ஒட்டிக்கும். எழுதினதே போதும், போய் தபால்ல போடுங்க" என்றாள். ஆகவே வரவில்லை. அருள் அதைச் சாப்பிட்ட மறுநாள் ஒரு கார்டு போடு. நலம் விசாரிப்பெல்லாம் வேண்டாம். 'சாப்பிட்டான், விளையாடுகிறான்' என்று ஒரு வரி போதும். அது வரும்வரை நான் தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலுக்குப் போய் நிற்பேன்.

உன் அப்பா